முழங்காலைப் பற்றி அம்மா சொன்னது

விட்லோ முதலில் கேட்டது காப்பியைப் பற்றித்தான். இதில் பட்டை போட்டிருக்கிறீர்களா என்றார். நெரெய்டா அதை அம்மாவிடம் ஸ்பானிஷில் சொன்னாள். ஆமாம், ஒரு துண்டுதான் போட்டேன், பிடிக்கவில்லையென்றால் வேறு போட்டுத் தருகிறேன் என்றாள் அம்மா. நெரெய்டா அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள். விட்லோ சிரித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார்.

அவர் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில், பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலுக்குக் கோச். எட்டு மணி நேரம் காரோட்டி, ஆற்றோரம் இருக்கிற இந்த ஊருக்கு ஒரே ஒரு பையனைப் பார்க்க வந்திருந்தார். அந்தப் பையன் நெரெய்டாவின் அண்ணன் உபால்தோ. பந்தை எறிகிறவனுக்கு முன்னால் சுவராக நின்று, பாய்ந்து வருகிறவர்களை நெஞ்சால் தடுப்பது அவன் வேலை. விட்லோவுக்குப் பிடித்துவிட்டால் நாலு வருஷப் படிப்பு, அறை, சாப்பாடு எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அந்த வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அம்மா எலோயிசா பம்பளிமாஸ் பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற கொட்டகைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்று அரை நாள் லீவு சொல்லியிருந்தாள்.

உபால்தோ தேய்த்த சட்டை போட்டு, தனக்குப் பத்தாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரண்டு மொழியும் வரும். ஆனால் அம்மா பேசுகிற இடத்தில் அம்மா பேச்சைத் திருத்தும் பழக்கம் அவனுக்கு இல்லை. நெரெய்டாவுக்குப் பதினைந்து வயது. பள்ளியில் ஆசிரியை பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடக் குனிந்துகொள்கிறவள். அன்று மேசையைச் சுற்றி எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வக்கீலம்மா, அளவாச் சொல்லு," என்றான் உபால்தோ ஸ்பானிஷில். "நீ பேசுற பேச்சுல அவரு உன்னைக் கூட்டிட்டுப் போயிடப் போறாரு."

அம்மா சிரித்தாள். என்ன சொன்னான் என்று விட்லோ கேட்டார். நெரெய்டா அதையும் சொன்னாள். அவரும் சிரித்தார்.

பையன் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான், வீட்டை விட்டு இருந்துவிடுவானா என்றெல்லாம் கேட்டுவிட்டு, நோட்டைப் புரட்டிக்கொண்டே, உடம்பு எப்படி, அடி ஏதும் உண்டா என்றார். உபால்தோ வாயைத் திறப்பதற்குள் நெரெய்டா கேள்வியை அம்மாவிடம் சேர்த்துவிட்டாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நேரமும் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவள்போல.

"ஐயா, ஆகஸ்ட்ல இருந்து இவனுக்கு முழங்காலு பம்பளிமாஸ் கணக்கா வீங்கிக் கெடக்கு. வியாழக்கெழம வியாழக்கெழம செலோம்மாதான் உருவி விடுறாங்க. ஒரு வெள்ளிக்கெழமை ஆட்டம் விட்டிருப்பானா, கேளுங்க. எம்புள்ள அகுவான்தா."

அகுவான்தா என்றால் ஸ்பானிஷில் தாங்குவான் என்று அர்த்தம். அவர்கள் வீட்டில் ஒருவரைப் பற்றிச் சொல்ல அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. அப்பாவைப் புதைத்த அன்று கல்லறையில் பாதிரியார் சொன்னதுகூட அந்த ஒரு வார்த்தைதான்.

மேசைக்கு அடியில் உபால்தோவின் பூட்ஸ் நெரெய்டாவின் காலில் அழுந்தியது. அவளுக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. ஆகஸ்ட், வீக்கம், உருவிவிடுகிற அம்மாள், எதையும் விடாமல் வரிசையாகச் சொன்னாள். கடைசி வார்த்தைக்கு மட்டும் ஆங்கிலத்தில் ஈடு கிடைக்கவில்லை. அவள் தேடிப் பிடித்த சொல்லில் பெருமை இல்லை. வலி மட்டும் இருந்தது.

விட்லோ 'ஆகஸ்ட்' என்று எழுதி அதன் கீழே கோடு போட்டார். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. டாக்டரிடம் போனதே இல்லை. பிறகு சாப்பாட்டை நிறையப் புகழ்ந்தார். அம்மா அவருக்கு ஒரு தட்டுத் தமாலேயைத் தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். புதன்கிழமைக்குள் கூப்பிடுகிறேன் என்றார். வீட்டுக்குப் போன் வரவேயில்லை.

நெரெய்டா கடைசி வகுப்பு நேரத்தில் பள்ளி அலுவலகத்தில் காகிதம் அடுக்குவாள். மறு வெள்ளிக்கிழமை, திறந்திருந்த கதவு வழியாகப் பள்ளிக் கோச் கவாசோஸின் குரல் கேட்டது.

"வேற பையனை எடுத்துட்டாங்க. முழங்கால் விஷயம் அவங்களுக்கு எப்படிடா தெரிஞ்சது? யார் சொன்னது?"

"நான்தான் கோச்," என்றான் உபால்தோ. "கேட்டாரு, சொல்லிட்டேன்."

"உன்ன மாதிரி மடையனை நான் பார்த்ததில்ல."

"ஆமா கோச்."

வீட்டில் அவன் அம்மாவிடம் சொன்னது வேறு: அந்த வருஷம் இடம் நிரம்பிவிட்டது. அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, அவங்களுக்குத்தான் நஷ்டம் என்றாள். வேறு எந்தக் கல்லூரியிலிருந்தும் யாரும் வரவில்லை. முன்பு இரண்டு கல்லூரிகள் அவனை விசாரித்து எழுதியிருந்த கடிதங்களுக்குப் பின்னால் வேறொன்றும் வரவில்லை.

உபால்தோ பாசன வாரியத்தில் சேர்ந்தான். விடியற்காலையில் வாய்க்கால் மதகுகளைத் திறந்து, கரும்புக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் விடுவது வேலை. கல்யாணம் செய்துகொண்டான், ஒரு பெண் பிறந்தது. வெள்ளிக்கிழமைகளில் பள்ளி மைதானத்தின் ஓரத்தில், பந்து எத்தனை தூரம் நகர்ந்தது என்று அளக்கிற சங்கிலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஆட்டம் நகர நகரக் கம்போடு அவனும் நடப்பான். பார்வையாளர் மேடையில் உட்கார்ந்திருக்கும் நெரெய்டா ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. அவன் வலது காலை எப்படி ஊன்றுகிறான் என்று பார்ப்பாள். அவள் இப்போது கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று வருஷா வருஷம் கையைத் தூக்கிச் சத்தியம் செய்கிறாள். தூக்கும்போதெல்லாம் அந்தப் பூட்ஸின் அழுத்தம் காலில் தெரியும்.

அம்மாவோ அந்த மத்தியானத்தை விடுவதாக இல்லை. எந்த விருந்தானாலும் யாராவது ஃபுட்பால் பேச்சை எடுத்தால் போதும். வடக்கே இருந்து கோச் வந்தது, மூன்று கோப்பை காப்பி குடித்தது, முழங்காலைப் பற்றித் தான் சொன்னது, அவர் மலைத்துப்போய் நோட்டில் எழுதிக்கொண்டது. "கோடு போட்டு எழுதுனாரு," என்பாள். அந்த இடம் வருவதற்குள் நெரெய்டா தட்டைக் கழுவவோ காரில் எதையோ எடுக்கவோ எழுந்து போய்விடுவாள்.

உபால்தோவின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் எழுந்தாள். இந்த முறை அவன் பின்னாலேயே வந்தான், கையில் இரண்டு குளிர்பானத்தோடு. வெளியே நின்ற அவனுடைய பிக்கப் வண்டியின் பின்பலகையில் சாய்ந்து நின்றார்கள். அவளே ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நீ காலை மிதிச்ச. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் சொன்னேன்."

"நான் எங்க மிதிச்சேன்? முட்டி வலிச்சுது, காலை நீட்டினேன்."

"பொய் சொல்லாத."

"சரி, மிதிச்சேன். என்ன பண்ணணும் இப்போ? பத்து வருஷம் ஆச்சு, வக்கீலம்மா."

விருந்துப் பந்தலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் கதையில் கோச் இரண்டாவது கோப்பைக்கு வந்திருந்தார். உபால்தோ ஒரு பாட்டிலைத் திறந்து அவளிடம் கொடுத்தான். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான்:

"ஒண்ணு கேக்குறேன், செய். நீ எழுந்து போற ஒவ்வொரு வாட்டியும் அம்மா பேச்சை நிறுத்திட்டு உன் முதுகையே பாக்குறாங்க. என்னைக்காவது ஏன்னு கேட்டுருவாங்க. அந்தக் கதை அவங்களுக்கு அப்படியே இருக்கட்டும். உள்ள வா. வந்து, முடியிற வரைக்கும் பக்கத்துல உக்காந்திரு."