ஏற்கனவே எழுதியாகிவிட்ட வண்டி

எங்கள் லேஅவுட்டில் ஒரே ஒரு தெரு. பெங்களூரில் பொம்மனஹள்ளிக்குப் பின்பக்கம் எங்கள் கேட்டில் தொடங்கி, கடைசி வீட்டுக்கு எதிரே இருக்கும் சுவரில் முட்டி நின்றுவிடும். மாநகராட்சி இந்தத் தெருவை இன்னும் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளவில்லை. பள்ளம் விழுந்தால் நாங்கள்தான் மூட வேண்டும், தார் போடுவதென்றாலும் எங்கள் கையிலிருந்துதான். போன மழையில் ஒரு தண்ணீர் லாரி நடுத்தெருவில் சக்கரத்தைப் புதைத்துக்கொண்டு அரை நாள் நின்றது. அதற்குப் பிறகுதான் சங்கக் கூட்டம் போட்டார்கள்.

கூட்டம் முதல் வீட்டு மொட்டைமாடியில். முதல் வீட்டுக்காரர்தான் சங்கத் தலைவர். கன்னடக்காரர், எங்களோடு தமிழிலேயே பேசுவார். செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துவிட்டு, காபி குடித்துக் கலையலாம் என்றுதான் எல்லோரும் வந்திருந்தோம். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

அவர் அப்போதுதான் எலெக்ட்ரிக் கார் வாங்கியிருந்தார். எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசுக்குப் போய்வர. கார் வந்த நாளிலிருந்து பெட்ரோல் பங்க்கைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்த வரிசையில் ஸ்கூட்டரோடு நிற்பது சொந்தப் பெண்டாட்டிதான் என்பது அவர் நினைவுக்கு வராது.

“புகை விடாத வண்டிக்குக் கொஞ்சம் கம்மியா போடலாமே?” என்றார்.

எதிர்வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். அவரிடம் பெட்ரோல் கார். “ஒவ்வொரு லிட்டருக்கும் நான் வரி கட்டறேன் சார். நீங்க ராத்திரி பிளக்கைச் சொருகிட்டுப் படுத்துடறீங்க. உங்க வண்டிக்கு மட்டும் ரோடு தேயாதா? அந்த பேட்டரி வெயிட்டுக்கு இன்னும் ஜாஸ்தியாத்தான் தேயும்.”

“நீங்க கட்டற வரி நம்ம தெருவுக்கா வருது? அது விதான சௌதாவுல இருக்கற சர்க்காருக்குல்ல போகுது!”

இரண்டு பேரும் சொன்னது சரிதான். அதனால்தான் சண்டை முடியவில்லை. காபி ஆறிப்போனது. கடைசியில் தலைவர் ஒரு வழி சொன்னார். பெட்ரோலோ கரண்டோ கேஸோ, கேட்டுக்குள் எத்தனை தடவை நுழைகிறதோ அதுதான் கணக்கு. எந்த வீட்டுக்கு வருகிறதோ அந்த வீட்டின் பெயரில் செக்யூரிட்டி எழுதிக்கொள்வார். இரண்டு சக்கரத்துக்குக் கிடையாது. தண்ணீர் லாரி எல்லோருக்கும் பொது, ஏனென்றால் எல்லோருக்கும் தாகம் எடுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டிப் பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல் பங்கு. அதோடு நிறுத்தியிருக்கலாம். “என் கார் கேட்லேர்ந்து பத்தடிதான் ஓடுது. உள்ளே தள்ளி இருக்கற வீட்டுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி போடணும்” என்று ஒரு வாலையும் சேர்த்தார்.

முதலில் கை தூக்கியது கடைசி வீட்டு அக்கா. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் பேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். மகள் ஓசூரில். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்துபோவாள். அக்காவிடம் சைக்கிள்கூட இல்லை.

“வண்டி இல்லாதவளுக்கு இதைவிட நியாயம் உண்டா?” என்று சிரித்தார். நாங்களும் சிரித்துக்கொண்டே கை தூக்கினோம்.

ஆட்டோவை யாரும் யோசிக்கவில்லை. அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் ஒரு கேஸ் ஆட்டோ வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். மத்தியானம் அதே ஆட்டோ கொண்டுவந்து விடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தும், பெட்ரோலா கரண்டா என்கிற சண்டையில் அது ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை, அக்காவுடைய மண்டை உட்பட.

மூன்று மாதம் கழித்துப் பட்டியல் வாட்ஸப்பில் வந்தது. தலையில் கடைசி வீடு. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் அதற்கு வெகு கீழே. குருவி தலையில் பனங்காய் வைத்தாயிற்று. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் குரூப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

தலைவர் நல்ல மனுஷர். மறுநாளே என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். “உங்க ஆட்டோவை எழுத வேண்டாம்னு சொல்லிடறேன் அம்மா. உங்களுக்கு சைபர்” என்றார்.

அக்கா மோரை நீட்டியபடியே சொன்னார்: “பாவம் பாத்து எழுதற சைபர் எனக்கு வேணாம் சார். நானும் கை தூக்கினவதானே.”

அடுத்த டயாலிசிஸ் நாளிலிருந்து ஆட்டோவைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

காலையில் நடந்து போவது பெரிய காரியமில்லை. திரும்பி வருவதுதான். டயாலிசிஸ் முடிந்து வருகிறவர் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். தலை சுற்றும், கால் பின்னும். விழுந்துவிடாதீர்கள் என்று நர்ஸ் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவாராம். அக்கா ஒரு காம்பவுண்டைப் பிடித்து நிற்பார், அடுத்த காம்பவுண்டுக்கு நடப்பார், மறுபடி நிற்பார். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தால், “உன் அடுப்பைப் போய்ப் பாரும்மா” என்று உதறுவார். என் ஸ்கூட்டரில் உட்காரவும் பயம். ஊசி போட்ட கையால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. அந்தப் பணத்தில் போட்ட புதுத் தார் வேறு. மத்தியான வெயிலில் செருப்பையும் மீறிச் சுடும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தலைவர்மேலா, என் வீட்டுக்காரர்மேலா, அக்காவின் பிடிவாதத்தின்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு நாள் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா நடுத்தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே எங்கள் கார், ஆபீசிலிருந்து சீக்கிரம் திரும்பிய என் வீட்டுக்காரரோடு, நடையின் வேகத்தில். எலெக்ட்ரிக் கார் சத்தம் போடாது. அக்காவுக்குத் தெரியவே இல்லை. ஹாரன் அடித்தால் பயந்து விழுந்துவிடுவாரோ என்று இவர் அடிக்கவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டியும் கார் அவர் பின்னாலேயே போனது. அடுத்த காம்பவுண்டைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோதுதான் அக்கா பார்த்தார்.

இவர் கதவைத் திறந்தார். “ஏறுங்கக்கா.”

அக்கா ஏறவில்லை. “இந்த வண்டியை கேட்ல எழுதிட்டாங்களா?”

“எழுதிட்டாங்கக்கா.”

“யார் வீட்டு பேர்ல?”

“எங்க வீட்டு பேர்லதான்.”

“உங்க வீட்டைத் தாண்டிப் போறதுக்குத் தனியா போட மாட்டாங்களே?”

“வண்டியத் திருப்பணும்னா உங்க வாசலுக்குத்தானேக்கா போகணும். வேற எங்க இடமிருக்கு?”

உண்மைதான். கார் திரும்புகிற அளவுக்கு அகலம் கடைசி வீட்டு வாசலில் மட்டும்தான் இருக்கிறது. பத்தடிதான் ஓடுகிறது என்று தலைவர் சொன்ன காரும் தினம் அங்கே போய்த்தான் திரும்பி வருகிறது. இத்தனை நாள் இதையும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அக்கா காம்பவுண்டிலிருந்து கையை எடுத்தார். “அப்போ சரி” என்று ஏறி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு யாரும் கூட்டம் போடவில்லை, தீர்மானம் போடவில்லை. அக்காவின் டயாலிசிஸ் நாட்களில் ஆட்டோ வருகிற நேரம் பார்த்து ஏதாவது ஒரு கார் கேட்டுக்குள் நுழைந்து ஓரமாக நிற்கும். எதிர்வீட்டுப் பெட்ரோல் காரும் நின்றிருக்கிறது. வேலைக்குப் போகாத தலைவர்கூட, தயிர் பாக்கெட் வாங்க மத்தியானத்தில் காரை எடுத்துக்கொண்டு போய்வர ஆரம்பித்தார். அந்த நுழைவு அவர் வீட்டுப் பெயரில்தான் ஏறும். தயிர்க்கடை கேட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அக்கா கேட்பார், எழுதியாச்சா என்று. ஆச்சு என்று சொன்ன பிறகுதான் ஏறுவார்.

அடுத்த கணக்கை மறுபடி அதே மொட்டைமாடியில் வைத்து வாசித்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஏறியிருந்தது, எதிர்வீட்டுக்கு ஏறியிருந்தது, முதல் வீட்டுக்கு நன்றாகவே ஏறியிருந்தது. கடைசி வீடு என்று வந்ததும் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சைபர்.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்:

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே. வண்டி இல்லாதவளுக்கு இதைவிட நியாயம் கிடையாது.”