லூர்து அத்தை காசு கொடுத்து வாங்கிய பாட்டு

எங்கள் லூர்து அத்தை திருட்டுப் பாட்டு கேட்க மாட்டாள். நல்ல பழக்கம்தானே என்று நினைப்பவர்கள் அவளோடு ஒரே வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் போனில் பாட்டுப் போட்டால், "காசு குடுத்து வாங்குனதாடா, சுட்டதா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பாள். சுட்டது என்றால் அழுகிய முட்டையை முகர்ந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

முழுப்பெயர் லூர்துராணி. என் அப்பாவுக்கு அக்கா. வயது ஐம்பத்து நாலு. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "பாட்டு ப்ராக்டிஸ் இருந்துச்சு" என்பதுதான் பதில். புத்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. அவள் "இருபத்தி மூணு!" என்று கூப்பிட்டால், ஊசி போட்டு வாய் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பவர்கூட எழுந்து நின்றுவிடுவார். அதே குரல் ஞாயிற்றுக்கிழமைகளில் பாலக்கரையில், எங்கள் தெரு முனைக் கோயிலில், ஆறு பெண்களை மேய்க்கும். பதினைந்து வயதில் பாடகர் குழுவில் சேர்ந்தவள், இப்போது அதற்குத் தலைவி. ஏழாவது ஆளாக நானும் உண்டு. என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு இந்தத் திருட்டுப் பயம் ஒரு கேசட்டால் வந்தது. இருபத்து நாலு வயதில் சிநேகிதியிடம் ஒன்றை இரவல் வாங்கி, வெற்றுக் கேசட்டில் பதிந்துகொண்டாள். மனசு உறுத்தியது. கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் போய், செய்த பாவத்தைச் சொன்னாள். அங்கே உட்கார்ந்திருந்த சாமியார் பத்து அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவரோ, "போய் அசலை வாங்கும்மா" என்றுவிட்டார். முப்பது வருஷமாக அத்தை அசலை வாங்கிக்கொண்டே இருக்கிறாள்.

குழுவுக்குக் கீபோர்டு வாசித்த டோனி அண்ணன், சொந்தமாக பேண்டு ஆரம்பித்துப் போனபோது எங்களுக்கு இசை இல்லாமல் போனது. அதனால் ட்ராக் வாங்க ஆரம்பித்தாள். குரல் இல்லாமல் வெறும் இசை மட்டும் ஓடும், மேலே நாங்கள் பாட வேண்டும். முதலில் டிஸ்க்குகள். அவள் பீரோவில் சேலையைவிட டிஸ்க் அதிகம். பெட்டியைத் திறந்தால் நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் பல் உடைந்து, டிஸ்க் கட்டிலுக்கடியில் உருண்டு, தலைமுடியும் பல்லி எச்சமும் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அத்தை அதை முந்தானையால் துடைப்பாள். துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாட்டில் டிஸ்க் சிக்கிக்கொண்டு, ஒரே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்தது. ஆறு பெண்களும் ஒரே வரியைப் பதினொரு தடவை பாடினார்கள். நான் எண்ணினேன், வேறு வேலை இல்லை.

பிறகு கோயிலுக்குப் புது ஆம்ப்ளிஃபயர் வந்தது. அதில் டிஸ்க் போட வாயே கிடையாது. பென் டிரைவ் செருக ஓர் ஓட்டையும், போனில் மாட்ட ஒரு வயரும்தான். அசிங்கம் பிடித்த அந்த டிஸ்க்குகளுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். கீறலோ தூசியோ, அவை அத்தையுடையவை. பாடுவதற்கு முன்னால் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

போன ஆகஸ்டில் பங்குச் சாமியார் ஃபாதர் ஜெபராஜ் அத்தையைக் கூப்பிட்டார்.

"லூர்து, கிறிஸ்துமஸுக்கு டோனி பேண்டு வரட்டும்னு பசங்க கேக்குறாங்க. செப்டம்பர் திருநாள் பூசையை நீங்க பாடுங்க. நல்லா வந்துச்சுன்னா கிறிஸ்துமஸும் உங்களுக்குத்தான்."

"வரலைன்னா ஃபாதர்?"

ஃபாதர் காலண்டரைப் பார்த்தார்.

முப்பத்தொன்பது கிறிஸ்துமஸ் விடாமல் பாடியவள் அத்தை. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடவில்லை. மற்ற பாட்டுகளை, டிஸ்க் நின்றதிலிருந்து பாடுகிறபடி இசையில்லாமல் பாடிக்கொள்ளலாம், ஜனங்கள் நற்கருணை வாங்கும்போது பாடுகிற திருவிருந்துப் பாட்டு மட்டும் புதிதாக, ட்ராக்கோடு, ஆள் அசந்துபோகிற மாதிரி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அப்படி ஒன்றைப் போட்டவர் ஸ்ரீரங்கத்தில் இருந்தார். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனோம். பெயர் ஸ்ரீதர். நெற்றியில் திருமண், கழுத்தில் ஹெட்போன். அத்தை அவரையும் சுவரிலிருந்த பெருமாள் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏசு பாட்டுக்கு நீங்களா தம்பி மியூசிக்?"

"ஆமாம் மேடம். பெருமாளுக்கும் போடறேன். ரெண்டு பேருமே இதுவரைக்கும் குறை சொன்னதில்லை."

அவர் விவரமாகச் சொன்னார். இந்த ட்ராக் 'கீதப்பெட்டி' என்ற ஆப்பிலும் கிடைக்கும், அவருடைய சொந்தப் பக்கத்திலும் கிடைக்கும். இரண்டிலும் ஒரே விலை.

"என்கிட்ட வாங்கினேள்னா ஃபைலே உங்களோடது. போன்ல வெச்சுக்கலாம், பென் டிரைவ்ல போட்டுக்கலாம். நாளைக்கு நான் இந்தத் தொழிலை விட்டாலும் அது பாட்டுக்குப் பாடிண்டிருக்கும்."

"லாக் எதுவும் இல்லையா?"

"கிடையாது."

"அப்ப யாரு வேணும்னாலும் காப்பி அடிச்சுக்கலாமே?"

"அடிக்கலாம். அதுக்காக, காசு குடுத்து வாங்கினவாளையே வாசல்ல நிறுத்திப் பையைச் சோதிக்கறது எனக்குப் பிடிக்கலை மேடம்."

அத்தை யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவிட்டாள். பஸ் காவிரிப் பாலம் ஏறும்போது என் தொடையில் தட்டினாள்.

"ஏ கேத்தரின், திறந்து கெடக்குற வீட்டுல பூந்து எடுத்துட்டு வர்ற மாதிரி இருக்குடி. அந்த ஆப்புக்காரன் லாக் போட்டு விக்குறான் பாரு, அதான் முறையான கடை."

"போட்டவரே குடுக்குறாரு அத்தை!"

"நீ சும்மா இரு. உன் மனசாட்சி பிளஸ் டூ ஃபெயிலு."

அன்று சாயங்காலம் கீதப்பெட்டியில் 'வாங்கு' என்ற பொத்தானை, சிலுவை போட்டுக்கொண்டு அமுக்கினாள். பச்சை டிக் வந்தது. 'வாங்கப்பட்டது. இனி உங்களுடையது.' அதைப் படம் பிடித்து, மறுநாள் பல்வலியோடு வந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். டிக்குக்குக் கீழே கொசு முட்டை மாதிரி சாம்பல் நிறத்தில் நாலு வரி இருந்தது. யாரும் படிக்கவில்லை. நானும்தான்.

மூன்று வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ப்ராக்டிஸ். பாட்டு அவ்வளவு நன்றாக வந்தது. நான்கூட இரண்டு இடத்தில் குரல் கொடுத்துவிட்டேன், அவள் கவனிக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதற்கு முந்தின வருஷம் அத்தை போனின் ரிங்டோனைக் கோழி கொக்கரிக்கிற சத்தமாக மாற்றி வைத்தது நான்தான். பூசை நடுவில் ஃபாதர் அப்பத்தை உயர்த்திப் பிடித்த நேரத்தில் அது கொக்கரித்தது. அன்றிலிருந்து, கோயில் வாசலில் தீர்த்தத்தில் விரலை நனைத்துச் சிலுவை போட்ட கையோடு, போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுவாள். ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்ய அவள் கைக்குத் தெரியாது.

திருநாள் அன்றும் அப்படித்தான் செய்தாள்.

கோயிலுக்குள் நிற்க இடமில்லை, பந்தல் தெருவரைக்கும் போட்டிருந்தது. அத்தையோடு சேர்த்து எங்கள் எட்டுப் பேருக்கும் ஒரே மயில் கழுத்து நிறச் சேலை. வருகைப் பாட்டும் காணிக்கைப் பாட்டும் பழுதில்லாமல் போயின. நற்கருணை அப்பம் வாங்க ஜனங்கள் வரிசையில் வர ஆரம்பித்தார்கள். அத்தை வயரை மாட்டினாள், தலையை நிமிர்த்திக்கொண்டு பாட்டைத் தொட்டாள். சத்தமே இல்லை. திரையில் ஒரு வரி: 'நீங்கள் வாங்கியதை உறுதிசெய்ய இணையத்தில் இணையவும்.'

"என்னடி இது? பதினேழாந்தேதியே வாங்கியாச்சேடி."

"ஃப்ளைட் மோடை எடுங்க அத்தை."

எடுத்தாள். அத்தனை போன்கள் கூடியிருந்த இடத்தில் சிக்னல் நொண்டிக்கொண்டு வந்தது. வட்டம் சுற்றியது. அதற்குள் காலையிலிருந்து சேர்ந்திருந்த ஆஸ்பத்திரி மெசேஜ்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. போன் ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருந்ததே. டிங். டிங். டிங். பந்தல் ஸ்பீக்கர் வரைக்கும் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பயந்துபோன பெண்கள் தாங்களாகவே பாட்டைத் தொடங்கினார்கள், ஆளுக்கொரு சுருதியில். இரண்டாவது வரியில் மூன்று பேர் நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் நற்கருணை வாங்கி முடித்து, ஃபாதர் கண்ணை மூடி மௌனமாக உட்கார்ந்த பிறகுதான் ஆப்புக்கு அத்தைமேல் நம்பிக்கை வந்தது. டிரம்ஸோடு, முழு சத்தத்தில், பாட்டு வெடித்தது.

டோனி அண்ணன் பின்னால் நின்றிருந்தார். சிரித்திருந்தால் திட்டித் தீர்த்திருப்போம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபாதர் வாசலில், "பரவாயில்ல லூர்து" என்றார். கிறிஸ்துமஸ் பேண்டுக்குப் போய்விட்டது என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது. குழுவில் இரண்டு பேர் அன்றைக்கே நின்றுகொண்டார்கள்.

வீட்டில் அத்தை அழவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாம்பல் நிற வரிகளை என்னைப் பெரிதாக்கச் சொல்லிப் படித்தாள். விற்றது பாட்டு அல்ல, அதைக் கேட்பதற்கான அனுமதி மட்டுமே. அதையும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம்.

"அப்ப நான் வாங்கலையாடி?"

"இல்ல அத்தை."

"வாங்குன்னுதானே எழுதியிருந்தான். பச்சையா டிக் போட்டான்." போனைக் கவிழ்த்து வைத்தாள். "சீ! பல்லைப் புடுங்கிட்டு, பல்லு கட்டுனதா பில்லு போடுற நாயிங்க. இந்த நாத்தத்துக்கு என் பீரோவுல இருக்குற கீறல் தேவலாம்."

ஓசியில் சுட்டுக் கேட்கிற பக்கத்து வீட்டுப் பையனுக்குத் திருநாள் அன்றும் பாட்டு ஓடியது. முப்பது வருஷம் காசு கொடுத்து வாங்கியவளைத்தான் நடுக்கோயிலில் நிற்கவைத்து, 'நீ வாங்கினாயா?' என்று கேட்டார்கள்.

மறுநாள் அத்தை ஃபாதரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஞாயித்துக்கிழமை ஆறு மணிப் பூசைக்கு யாரு ஃபாதர் பாடுறா?"

"அதுக்கு யாரும்மா வருவா? டோனி பசங்க எட்டரைப் பூசைக்கே கொட்டாவி விட்டுட்டு வர்றாங்க."

"நாங்க வர்றோம்."

"கேக்க ஆளே இருக்காதே லூர்து. இருபது பேரு வந்தா அதிகம்."

"அந்த இருபது பேருக்குப் பாட்டு வேணாமா?"

ஃபாதர் இந்த முறை காலண்டரைப் பார்க்கவில்லை. "சரி. இந்த வாரத்துலேர்ந்தே வாங்க" என்றார்.

ஸ்ரீதரிடமிருந்து அதே ட்ராக்கை மறுபடியும் காசு கொடுத்து வாங்கினாள். அவர் பணம் வேண்டாம் என்றதற்கு, "அவன்கிட்ட நான் வாங்கவே இல்லையாம் தம்பி, எழுதியே போட்டிருக்கான்" என்றாள். ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தது நான். ஏற்றும்போது என் போனிலும் ஒரு காப்பி போட்டுக்கொண்டேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

ஞாயிறு ஆறு மணி. பதினெட்டுப் பேர் இருந்தார்கள், அதில் நாலு பேர் தூக்கத்தில். நாங்கள் ஆறு பேர், மறுபடியும் அதே சேலை. அத்தை ஃப்ளைட் மோடில் போட்ட போனைப் பைக்குள் தள்ளிவிட்டு, பென் டிரைவைச் செருகினாள். எதுவும் எதையும் கேட்கவில்லை. பாட்டு வந்தது. இரண்டாவது சரணத்தில் தூங்கியவர்கள் எழுந்துவிட்டார்கள். எழுந்திருக்காமல் என்ன செய்வார்கள், பாடுவது டோக்கன் குரல். ஃபாதர் நற்கருணை கொடுத்து முடித்த பிறகும், பாட்டு முடியும்வரை உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

பூசை முடிந்ததும், டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு வந்திருந்த ஒரு நர்ஸ் அக்கா கிட்டே வந்தார். "அந்தப் பாட்டை எனக்கு அனுப்புறீங்களாக்கா? திருநாள்ல மாட்டிக்கிட்ட மாதிரி இல்லாம, இது லாக் இல்லாததுதானே?"

"லாக் இல்லம்மா. அதனாலதான் அனுப்ப மாட்டேன். அந்தத் தம்பி நம்மள நம்பித் திறந்து வெச்சிருக்கு" என்று சொல்லி, ஸ்ரீதர் நம்பரை ஒரு டோக்கன் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தாள்.

நான் வீட்டுக்கு வந்து என் போனிலிருந்த காப்பியை அழித்துவிட்டேன். மத்தியானம், ரீசார்ஜுக்கு வைத்திருந்த காசில் அதே பாட்டை வாங்கினேன். இது அத்தைக்குத் தெரியாது. தெரிந்தால் என்னையும் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள், அதனால் யாரும் சொல்லித் தொலைக்க வேண்டாம்.