வாட்டில் குதித்த இடம்

ஆஸ்திரேலியாவில் லாங்ரீச் ஊருக்கு மேற்கே இருக்கும் அந்த ஆட்டுப் பண்ணைக்கு ரேலீன் வந்தது கம்பளி கத்தரிக்கிற ஆட்களுக்குச் சமைத்துப் போட. வந்த இடத்தில் பண்ணைக்காரன் கெவினைக் கட்டிக்கொண்டாள்; அவனைவிட இறுக்கமாக அவனுடைய டர்ட் பைக்கைப் பிடித்துக்கொண்டாள். கெவின் போய்ச் சேர்ந்த பிறகும் பைக்கை விடவில்லை. அறுபதை நெருங்கியும் ஆடு மடக்கப் போவது அதில்தான். பெட்ரோல் டேங்கின் மேல், அவளுடைய இரண்டு கைகளுக்கும் நடுவே, வாட்டில் என்கிற கிழட்டு நாய் மகாராணி கணக்காக உட்கார்ந்து வரும்.

வாட்டில் ஒரு முறை முறைத்தால் போதும், மந்தை திரும்பிவிடும். ஆனால் மந்தை இருக்கும் இடம்வரை ஓட அதற்கு இப்போது கால் இல்லை. பைக்கில் ஏறாவிட்டால் வேலை போச்சு. அப்புறம் சங்கிலியில் கிடந்து ஏங்கியே செத்துப்போகும். ரேலீனுக்கு அந்த நினைப்பே பொறுக்காது.

இந்த நேரம் பார்த்துத்தான் கொழுந்தன் நெவில், கேட்காமலேயே உபகாரமாக, கார்புரேட்டரில் கை வைத்தான். வேகமாகப் போகையில் பெட்ரோல் விடுகிற மெயின் ஜெட்டைக் கழற்றி, பெரிய துளையுள்ளதாகப் போட்டான்.

"இப்பத்தான் அண்ணி வண்டிக்கே உசுரு வந்திருக்கு!"

வந்தது உண்மைதான். மெதுவாகப் போகையில் திணறும். ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டால் எகிறும். வாட்டில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியது. அதன்பின் பைக்கைக் கண்டாலே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியது.

"கெழவியக் கட்டிப் போட்டுட்டு வாங்கண்ணி. நாளைக்கு மேக்காலக் காட்டு மந்தைய மடக்க என் நாய் ராக்கெட் ஒருத்தன் போதும்."

"உன் ராக்கெட் கங்காருவத்தான் தொரத்துவான். போடா அந்தப் பக்கம்."

ரேலீன் பழைய மெயின் ஜெட்டையே மாட்டினாள். ஆட்டுக்கறித் துண்டைக் காட்டி வாட்டிலை ஏற்றினாள். வேகமாகப் போனபோது காது பறக்க உட்கார்ந்திருந்தது. கேட் பக்கம் வேகத்தைக் குறைத்ததும் குதித்துவிட்டது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அதே இடத்தில் குதித்தது.

வேலிமேல் உட்கார்ந்திருந்த நெவில் விழுந்து விழுந்து சிரித்தான். "நாய்கிட்டயா ரிப்பேர் கேக்குறீங்க?"

"உன்னக் கேக்குறதுக்கு இது எவ்வளவோ தேவல."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஆக்ஸிலேட்டரை மூடி மெல்லத் திறக்கிற அந்த நொடியில்தான் நாய் குதிக்கிறது. அங்கே மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை. அது, மெதுவாக ஓடுகையில் பெட்ரோல் விடுகிற பைலட் ஜெட்டின் ராஜ்யம். அதைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தாள். துளையில் பாதியைச் செம்மண் அடைத்திருந்தது. புழுதிக் காற்றில், வெட்டவெளியில் வைத்துக் கார்புரேட்டரைப் பிரித்திருக்கிறான் புண்ணியவான்!

தூண்டில் நரம்பை விட்டுச் சுத்தம் செய்தாள். இன்ஜின் சூடானதும் காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டால் சத்தம் தடங்கலில்லாமல் தணியும்வரை விடவில்லை. பிறகு கோழிகளுக்குப் பின்னால் நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு கோழிகூட மிரளவில்லை.

"ஏறுடி செல்லம்."

வாட்டில் பைக்கைச் சுற்றி மோந்து பார்த்தது. ஏறியது. கேட் வந்தது, வேகம் குறைந்தது, நாய் அசையவில்லை. ரேலீன் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டாள்.

மறுநாள் மேற்குக் காட்டில் மந்தை அலுங்காமல் நகர்ந்தது. தன் பைக்குக்கும் அதே பெரிய ஜெட் வைத்தியம் பார்த்திருந்த நெவில், எகிறி எகிறிப் பின்னால் வந்தான். அவனுடைய ராக்கெட் எப்போதோ அந்த வண்டியிலிருந்து குதித்து, நாக்குத் தள்ள ஓடிவந்து, ரேலீன் வண்டி நின்றதும் டேங்கின்மேல் முன்காலைத் தூக்கி வைத்தது. வாட்டில் பல்லைக் காட்டி உறுமியது.

"அவ எடம்டா அது," என்றாள் ரேலீன். "நெவிலு, சாயங்காலம் உன் கார்புரேட்டரக் கழட்டி எடுத்துட்டு வா. இல்லாட்டி உன் நாயும் எனக்குத்தான்."