வாசலில் கழற்றி வைத்த சப்பாத்து

போன வாரம் தொழிற்சாலை கேண்டீனில், என் பிரிவில் வேலை செய்யும் ஓர் இளம் தாய் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பிள்ளைகள் ஓடும்போது போடும் ஷூ, எங்கள் பேச்சில் சப்பாத்து. "இவ்ளோ விலை குடுத்து வாங்கலாமாக்கா? ஆறு மாசத்துல கால் வளந்துரும்லா" என்று கேட்டாள். மேசையில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்பதே போதும் என்றாள் ஒருத்தி. மலிவானதைப் போட்டால் பிள்ளையின் நடையே கெட்டுப்போகும் என்றாள் இன்னொருத்தி. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். தட்டைக் கழுவப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன். அவளிடம் சொல்லாமல் வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் லூனாஸில் இருக்கிறோம். கணவர் லாரி ஓட்டுகிறார். நான் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் மேற்பார்வையாளர். ஒரே மகள். இது நடந்தபோது அவளுக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்துகொண்டிருந்தது.

எங்கள் ஆட்கள் யாரும் சப்பாத்தோடு வீட்டுக்குள் போவதில்லை. அதனால் ஒரு பிள்ளையின் சப்பாத்தைக் காலில் பார்க்கிறவர்களைவிட வாசலில் பார்க்கிறவர்களே அதிகம். ஒரு விருந்து என்றால் கேட்டுக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கும். உள்ளே யார் யார் இருக்கிறார்கள், யார் எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்பதை அந்தக் குவியலைப் பார்த்தே சொல்லிவிடலாம். சொல்லவும் செய்வார்கள்.

என் அண்ணன் வீடு பாக்கார் ஆராங்கில். அவருடைய மகனின் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். கிளம்பும் நேரத்தில் நான் எங்கள் காடிக்கு, அதாவது காருக்கு, அந்தப் பக்கம் நின்று பைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அண்ணி வாசலில் சிலரை வழியனுப்பிக்கொண்டிருந்தார். என் மகளின் சப்பாத்து வழியில் கிடந்திருக்கிறது. ஒட்டும் பட்டை பிய்ந்து, முன்பக்கம் வாய் பிளக்கத் தொடங்கியிருந்த ஒரு ஜோடி. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஹைடெக்ல பெரிய வேலங்கறா. மகளுக்கு ஒரு சப்பாத்து வாங்க மட்டும் கம்பெனி லீவு குடுக்கல போல." எல்லாரும் சிரித்தார்கள். பெரிய கேலிகூட இல்லை. யாரும் யாரையும் சொல்வதுதான். ஆனால் வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்தக் கால் தள்ளியது என்னைத்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த இரண்டு மாதமும் வேலை நேரம் முடிந்த பிறகும் நின்று ஓ.டி. செய்தேன். ஜூன் மாத மலிவு விற்பனையில் சுங்கைப் பட்டாணியில் இருக்கும் பேரங்காடிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அதுவரை நாங்கள் சப்பாத்து வாங்கும் முறை வேறு. இரண்டு அளவு பெரிதாக எடுத்து, முன்னால் பஞ்சை அடைத்து, ஒன்றரை வருடம் ஓட்டிவிடுவோம். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். அந்தக் கடையிலோ ஒரு மலாய்ப் பெண் என் மகளை உட்காரவைத்து, இரும்பால் ஆன ஓர் அளவுப் பலகையில் இரண்டு பாதங்களையும் வைத்து அளந்தாள். பெரிதாக எடுத்தால் பாதம் உள்ளே வழுக்கும், சரியான அளவில்தான் போட வேண்டும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து மறுபடி அளந்து பாருங்கள் என்றாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன். விலை அதிகமான கடை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. வெள்ளையும் ஊதாவும் கலந்த ஒரு ஜோடியை மகள் தேர்ந்தெடுத்தாள். போட்டுக்கொண்டு கடைக்குள் இரண்டு சுற்று ஓடினாள். அந்தச் சப்பாத்தில் அவள் வலியில்லாமல் ஓடியது அந்த இரண்டு சுற்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியோடு அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். தீபாவளிக்கு எடுத்த புதுசை முன்கூட்டியே போடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. துணி என்றால் மஞ்சள் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். சப்பாத்தை அங்கே வைக்க முடியாது. ஆனால் அதுவும் புதுசாகவே அன்றைக்கு வாசலில் போய் இறங்க வேண்டும். யார் வீட்டு வாசலில் என்று எனக்குத் தெரியும்.

மகள் வாரம் ஒருமுறையாவது கேட்பாள். "ஒரு தடவ போட்டுப் பாக்கவாமா? வீட்டுக்குள்ள மட்டும்." தீபாவளிக்கு என்பேன். அவளும் சரி என்று போய்விடுவாள். சொன்னால் கேட்கிற பிள்ளை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். அந்த ஐந்து மாதத்தில் அவளுடைய பள்ளிப் பாவாடை குட்டையாகிவிட்டது, தையலைப் பிரித்து நீட்டிவிட்டேன். பாவாடையை நீட்டத் தெரிந்த எனக்குப் பாதம் ஞாபகத்துக்கு வரவில்லை. பள்ளிக்குப் போடும் கறுப்புச் சப்பாத்து பழைய வழக்கப்படி பெரிதாக எடுத்தது. அதில் அவள் கால் வளர்ந்தது வெளியே தெரியவில்லை.

பெரிதாக வாங்கி உடனே போட்டிருக்கலாம். சரியான அளவில் வாங்கியும் உடனே போட்டிருக்கலாம். நான் கடைக்காரி சொன்ன அளவில் வாங்கி, எங்கள் வழக்கப்படி எடுத்து வைத்தேன்.

தீபாவளியன்று அண்ணன் வீட்டு கேட் முன்னால் அந்தச் சப்பாத்தைப் பார்த்து அண்ணி புருவத்தை உயர்த்தினார். "இது எங்க வாங்குனது? எங்க வீட்டுப் பையனுக்குக்கூட இது இல்ல" என்றார். நான் ஏதோ மலிவு விற்பனையில் கிடைத்தது என்று அலட்சியமாகச் சொன்னேன். அந்த அலட்சியத்தை ஐந்து மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அன்றைக்குப் போன ஆறேழு வீட்டிலும் முதலில் சப்பாத்தைக் கழற்றியது என் மகள்தான். காடியில் ஏறியதும் கழற்றிவிடுவாள், இறங்கும்போது மாட்டுவாள், வாசலில் மறுபடி கழற்றுவாள். என்ன மரியாதை தெரிந்த பிள்ளை என்றார் ஒரு பெரியம்மா.

அதற்குப் பிறகு நான் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. டியூஷன், கடைத்தெரு, பள்ளியில் மாலை ஓட்டப் பயிற்சி எல்லாவற்றுக்கும் அதுதான். கோயிலுக்குப் போனால் மட்டும் திருடிவிடுவார்கள் என்று காடியிலேயே கழற்றி வைக்கச் சொல்லி, வெயிலில் கொதிக்கும் தாரில் அவளை வெறுங்காலில் நடக்கவிட்டேன். மகள் நன்றாக ஓடுவாள். அந்த மாதங்களில் பயிற்சிக்குப் போக மாட்டேன் என்று சுணங்க ஆரம்பித்தாள். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். "இவ்ளோ விலையில சப்பாத்து வாங்கிக் குடுத்து ஓட மாட்டேங்கற, இது இல்லாத பிள்ளைங்கள்லாம் ஓடுது பாரு" என்று ஒரு நாள் சத்தம் போட்டேன். இறுக்கமா என்றும் ஒருமுறை கேட்டேன்தான். கேட்கும்போதே, "இல்லதானே" என்று சேர்த்துச் சொன்னேன். இல்லை என்றாள்.

வீட்டுக்குள் அவள் வெறுங்காலில்தானே இருப்பாள், உனக்குக் கண் இல்லையா என்று கணவர் பிறகு கேட்டார். அவரும் அதே வீட்டில்தான் இருந்தார் என்று நான் திருப்பிச் சொல்லவில்லை. உண்மையில் நான் பார்த்தேன். தீபாவளிக்கு வாங்கிய நகப்பூச்சில் மிச்சம் இருந்ததை எடுத்து அவள் கால் விரல்களுக்குப் பூசிக்கொண்டிருந்தாள். அடர்ந்த கத்தரிப்பூ நிறம். உரிய உரிய மறுபடி பூசினாள். பெரிய பெண் ஆகிறாள், அலங்காரத்தில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். பெருவிரல் நகம் கறுத்துப்போனதை மறைக்கத்தான் அவள் பத்து விரலுக்கும் பூசினாள்.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு மத்தியானம் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். காய்ச்சல் என்றார்கள். போனேன். அலுவலக அறை நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். காடியில் ஏற்றியதும் ஒரு வாடை வந்தது. வீட்டில் காலுறையைக் கழற்றப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள். கழற்ற வரவில்லை. விரலோடு ஒட்டியிருந்தது. வெந்நீரில் நனைத்து மெதுவாக எடுத்தபோது வலது பெருவிரல் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. நகத்தின் ஓரம் சதைக்குள் புதைந்து சீழ் வைத்திருந்தது. சிவப்பு பாதத்தின் மேல் வரை ஏறியிருந்தது.

கிளினிக்கில் டாக்டர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். சீழ் எலும்பைத் தொட்டிருந்தால் விரலின் நுனியை எடுக்க வேண்டி வரலாம், படம் பார்த்துதான் சொல்ல முடியும் என்று ஓர் இளம் டாக்டர் என்னிடம் நின்றபடியே சொன்னார். ஓடுகிற பிள்ளை டாக்டர் என்றேன். 

படுக்கையின் மறைப்புத் துணிக்கு வெளியே, கையெழுத்துப் போடச் சொன்ன தாள்களை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே மிசி, ஒரு மலாய் நர்ஸ், நகப்பூச்சைத் துடைத்துக்கொண்டே என் மகளிடம் பேச்சுக் கொடுத்தாள். எத்தனை நாளாக வலிக்கிறது என்று மலாயில் கேட்டாள். தீபாவளியிலிருந்து என்றாள் மகள். ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டாள் மிசி. என் மகள் பள்ளிக்கூட மலாயில், சுத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தச் சப்பாத்து ரொம்ப விலை. அம்மா ரெண்டு மாசம் ஓ.டி. செஞ்சு வாங்குனாங்க. சின்னதாப் போச்சுன்னு சொன்னா அம்மாவுக்கு வெக்கமாயிரும்.

கோபம் வரும் என்று அவள் சொல்லவில்லை. வெட்கமாகிவிடும் என்றாள். வாசலில் அண்ணி சொன்னதை அவளும் கேட்டிருக்கிறாள்.

எலும்புக்குப் போகவில்லை. நகத்தை முழுதாக எடுத்தார்கள். ஐந்து நாள் அங்கேயே இருந்தோம். மூன்றாம் நாள் அண்ணி கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தார். படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து மகளின் நல்ல காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டார். "சொல்லியிருக்கலாம்லா அத்தைகிட்டயாவது" என்று அழுதார். அந்த வாசல் பேச்சை அவருக்கு ஞாபகப்படுத்தலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவருக்கு அது ஞாபகமே இருக்காது. ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வரியை எடுத்துக்கொண்டு போய் ஒன்பது மாதம் வளர்த்தது நான்தான். அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

விலை அதிகமான சப்பாத்து வாங்கலாமா என்று கேட்டால், அந்தச் சப்பாத்தில் ஒரு குறையும் இல்லை. கடைக்காரப் பெண் பொய் சொல்லவில்லை. ஜூனில் போட்டு, ஓடி, நவம்பரில் யாருக்காவது கொடுத்திருந்தால் கொடுத்த விலைக்கு ஈடாக இருந்திருக்கும். அடி அதிகம் தேயாமல் நன்றாகவே இருக்கிறது. பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, கொடுத்துவிடு என்கிறார் கணவர். கொடுக்கத்தான் வேண்டும். பெட்டியை எடுக்கப் போகிறேன், கை வரமாட்டேன் என்கிறது.

பள்ளி விடுமுறையில் அவளுக்குப் புதிதாக வாங்கப் போனோம். இந்த முறை பாக்கார் ஆராங்கில் ஒரு சீனர் கடை, அண்ணன் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி. மகள் ஒரு ஜோடியைப் போட்டாள். வலிக்குதா என்று கேட்டேன். அவள் காலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். இரண்டாவது ஜோடிக்கும் அப்படியே. என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. மருந்துக் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி, பணத்தை அவளிடமே கொடுத்துவிட்டு வெளியே வந்து, மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் நடைபாதையில் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஒரு நிமிடம் ஆகியிருக்காது. உள்ளே அவள் மலாயில் பேசுவது கேட்டது. "இங்க வலிக்குது அங்கிள். பெருசு இருக்கா?" கடைக்காரர் இன்னொரு பெட்டியைத் திறந்தார். இதுவும் இறுக்கம் என்றாள். அதற்கடுத்தது அகலம் என்றாள். குரலில் ஒரு தயக்கமும் இல்லை. நான்காவது ஜோடியோடு எழுந்து, கடையின் கோடி வரை நடந்து, திரும்பி ஓடி வந்தாள்.

உள்ளே போனேன். அவள் முன்னால் குனிந்து, சப்பாத்தின் முனையை அழுத்திப் பார்க்கக் கையை நீட்டினேன். மகள் காலை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அங்கிள் பாத்துட்டாருமா" என்றாள்.

நான் கையை எடுத்துக்கொண்டேன்.