பெண் பொம்மைக்கு ஒரு முழுக் கவசம்

சந்திரமதிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து அவள் வரைந்த கவசத்தின் வயிற்றுப் பகுதியைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, ‘இங்கே திற’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார் மேனேஜர் லாசரஸ்.

அது 1985. சிங்கப்பூரின் காலாங்கில் ஒரு பொம்மைத் தொழிற்சாலை. ஜப்பானிய ராட்சச இயந்திர மனிதர்கள் என்றால் பிள்ளைகள் பைத்தியமாகத் திரிந்த காலம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அதே பாணியில் கவசம் பூண்ட ஐந்து வீரர் பொம்மைகளைக் கேட்டிருந்தது. நாலு ஆண், ஒரு பெண். தேக்காவிலிருந்து பஸ் ஏறி வந்து பதினோரு வருடமாகப் பொம்மைகளுக்குப் படம் போடும் சந்திரமதிக்கு இப்போதுதான் முதன்முதலாக ஒரு வீராங்கனை கிடைத்தாள். விடுவாளா? முழங்கைக்கு மூட்டு, கழுத்துக்கு அடுக்குத் தகடு, கொண்டை அடங்கும்படி பின்பக்கம் புடைத்த தலைக்கவசம் என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தாள். இந்த ஒருத்தியாவது முழுசாகக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

“ஆம்பளை பொம்மைக்கெல்லாம் வயிறு மூடியிருக்கே சார்?”

“அது வேற லா. பொம்பளைன்னு தெரிய வேணாமா? வாங்குறவன் கேக்குறான்.”

“குண்டு வந்தா எங்க பாயும்?”

“பொம்மைக்கு ஏது குண்டு? வரைஞ்சு குடு.”

இவர்தான் கையில்லாத சட்டையோடு யாராவது சர்ச்சுக்குப் பூசை காண வந்தால் முகம் சுளிக்கிறவர். சீ, என்ன மனிதரோ! பல்லைக் கடித்துக்கொண்டு திறந்து வரைந்தாள். மாதிரிப் பொம்மையைத் தரையில் போட்டுப் பார்க்கும் சோதனையில், வயிற்றைத் திறந்ததால் மெலிந்துபோன இடுப்பு முதல் தடவை விழுந்ததுமே இரண்டாக உடைந்தது. வேறு வழியில்லாமல் அவளுடைய பழைய கவசத்துக்கே அச்சு வெட்டச் சொன்னார் லாசரஸ். அந்தச் சந்தோஷம் அரை நாள்கூட நிற்கவில்லை.

“அச்சு உன் இஷ்டப்படியே இருக்கட்டும். வயித்துக்கு மட்டும் தோல் கலர் அடிச்சிடு” என்றார்.

இரும்புக்கு மேலே வயிறு வரைவதாம்! அன்று மத்தியானம் வாங்கி வைத்த மீ கோரெங் நூடுல்ஸை அவளால் வாயில் வைக்க முடியவில்லை.

பெயிண்ட் அடிக்கும்போது ஒவ்வொரு பொம்மையையும் ஒரு தகர மூடிக்குள் வைப்பார்கள். மூடியில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே மட்டும் நிறம் படும். மூடிக்குப் படம் போடுவதும் சந்திரமதியின் வேலைதான். போட்டுக் கொடுத்தாள். மூடிப் படங்களைப் பிரித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவது லாசரஸின் வழக்கம், இதிலும் போட்டார்.

கப்பல் ஏற்றுவதற்கு முந்தைய நாள் ஆறாயிரம் பெண் பொம்மைகள் பெயிண்ட் அறையிலிருந்து வெளியே வந்தன. முகம் மட்டும் தோல் நிறம். மற்றதெல்லாம் சாம்பல் நிற இரும்பு. லாசரஸ் ஓடி வந்தார்.

“வயித்து ஓட்டை எங்க?”

“போடல.”

மறுபடி அடிக்க நேரமில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

“மறந்துட்டேன்னு எழுதிக் குடு சந்திரா. வாங்குறவன்கிட்ட நான் பேசிக்கிறேன். உன் வேலை தப்பிச்சிடும்.”

அடுத்த தடவை வேறு யாராவது அந்த ஓட்டையைப் போடத்தான் போகிறார்கள். அது அவளுக்கும் தெரியும். பின்னால் ஆட்கள் ஆறாயிரம் பேரையும் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“மறக்கல சார்” என்றாள் சந்திரமதி. “அருவருப்பா இருந்துச்சு. அதான் போடல.”