குறிஞ்சாக்கேணித் தங்கச்சியின் இழை

கண்ணாடிக் குச்சியின் நுனியில் சுற்றிக்கொண்டு மேலே வந்த அந்த வெள்ளை இழை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பார்த்தால் நனைந்த பஞ்சுத் துணுக்கு, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஒரு பெண்ணைப் பெற்ற தாயும் தகப்பனும் இருந்தார்கள்.

திருகோணமலையில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் சிறிய ஆய்வுகூடம் ஒன்றில், இரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பது என் வேலை. நான் பிறவி அவசரக்காரன். சோற்றைக்கூட மெல்லாமல் விழுங்குகிறேன் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். அப்படிப்பட்டவனை ஒரு குழாயின் முன்னால் மூச்சடக்கி நிற்கவைத்தவள்தான் குறிஞ்சாக்கேணித் தங்கச்சி. ஆய்வுகூடத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் சொன்னோம். குறிஞ்சாக்கேணி அவளுடைய ஊர், பக்கத்துக் கிண்ணியாவில் தையல் வேலை செய்தாள். சுனாமி வந்தபோது கைக்குழந்தை. பெற்றவர்கள், சொந்தபந்தம் என்று ஒருவரும் மிஞ்சவில்லை, அவர்களுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பக்கத்து வீட்டு மீன் வியாபாரிதான் அவளைத் தூக்கி வளர்த்தார். அவரையே வாப்பா என்று கூப்பிட்டாள்.

ஈரலில் செம்பு சேருகிற ஒரு வருத்தம் அவளுக்கு இருக்குமோ என்று வைத்தியருக்குச் சந்தேகம். இருந்தால் காலம் முழுக்கக் குளிசை போட வேண்டும். போடாமல் விட்டால் ஈரல் பழுதாகும், கை நடுங்கத் தொடங்கும். தையற்காரிக்குக் கை நடுங்கினால் பிறகென்ன இருக்கிறது? மற்றப் பரிசோதனைகள் அப்படியும் இப்படியுமாக இருந்தன. அந்த நோய்க்குரிய மரபணுவில் மட்டும் இரண்டு பிழைகள் தெரிந்தன. அந்த மரபணு நம் எல்லோரிடமும் இரண்டு பிரதியாக இருக்கிறது, தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. இரண்டு பிழையும் ஒரே பிரதியில் இருந்தால் மற்றது நல்லது, பயமில்லை. பிரதிக்கு ஒன்றாக இருந்தால் நோய்தான். வழக்கமாகப் பெற்றோரின் இரத்தத்தைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம். இவளுக்கு யாரிடம் போய்க் கேட்பது? அவளுடைய மரபணு இழையையே அறுபடாமல் நீளமாக எடுத்து, ஒரே ஓட்டமாக வாசிக்க வேண்டும். வாசிக்கும் இயந்திரம் கொழும்பில் இருந்தது. அறாமல் எடுத்துக் கொடுப்பது என் பாடு.

முதல் முறை இரத்தத்தை வளர்ப்பு வாப்பாவே கொண்டுவந்தார். குளிராக வைத்திருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தோம். தூர இடத்துக்கு மீன் அனுப்புகிற பழக்கத்தில் மனுசன் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிக்குள் ஐஸை நொறுக்கிப் போட்டு, இன்னும் குளிரட்டும் என்று உப்புத் தூவி, குழாயை நடுவில் புதைத்துவிட்டார். வந்து சேர்ந்தபோது இரத்தம் கல்லாக உறைந்திருந்தது. உறைந்து இளகினால் இழை துண்டு துண்டாகிவிடும் என்று சொன்னேன். மீன் பழுதாகாமல் காப்பதையே தொழிலாகக் கொண்டவர், கதிரையில் இருந்து, மடியில் வைத்த பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். அவரை எப்படிக் கோபிப்பது?

மறுநாள் கிண்ணியாப் பாலம் தாண்டிப் பஸ்ஸில் அவளே வந்துவிட்டாள். இரத்தம் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"நூல் அறுந்தா நான் முடிச்சுப் போட்டுத் தைப்பன் அண்ணன். இதையும் அப்பிடிச் செய்ய ஏலாதா?"

"ஏலாது தங்கச்சி. இது அறுந்தா அறுந்ததுதான்."

அப்படியானால் தானும் நின்று பார்க்கப் போவதாகச் சொல்லி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். குழாய்களைக் குலுக்கும் இயந்திரத்தின் பிளக்கைக் கழற்றிவிட்டேன், கை பழக்கதோஷத்தில் அங்கே போய்விடக் கூடாதே. ஒடுங்கிய முனையால் உறிஞ்சினாலே இழை அறும், ஆகவே வாய் அகன்ற முனைகளை எடுத்தேன். தூங்கும் பிள்ளையைப் புரட்டுவதுபோலக் குழாயை மெல்லச் சாய்த்தேன், நிமிர்த்தினேன், மறுபடி சாய்த்தேன். உள்ளே இருந்தது முட்டை வெள்ளைக்கரு மாதிரித் தடித்துவந்தது. குளிர்ந்த அல்ககோலை ஓரத்தால் வழியவிட்டதும், ஒன்றுமே இல்லாத தெளிவுக்குள்ளிருந்து அந்த இழை எழும்பியது. எத்தனையோ பேருடையதைப் பார்த்தவன் நான். அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டையும் ஆட்களையும் படங்களையும் கொண்டுபோன கடலுக்கு இதைக் கொண்டுபோக முடியவில்லை. குச்சியைத் தூக்கிக் கதவுப் பக்கம் காட்டினேன். அவள் கண்ணாடியில் நெற்றி முட்ட நின்று பார்த்தாள்.

இழை கொழும்பு போய்ச் சேர்ந்தது, அறாமலே போயிருந்தது. முடிவும் வந்தது. பிழைகள் ஆளுக்கொன்றாக, வேறு வேறு பிரதிகளில் இருந்தன. நோய்தான். வைத்தியர் எல்லாம் விளக்கி, குளிசையும் எழுதிக் கொடுத்த பிறகு, அவளும் வாப்பாவும் என்னிடம் வந்தார்கள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு ஒரு கேள்விதான் இருந்தது.

"இதுல எது உம்மாட? எது என்னைப் பெத்த வாப்பாட?"

அவ்வளவு நீளமாக வாசிக்கிற இயந்திரத்துக்கும் அது தெரியாது. இரண்டையும் தனித்தனியே பிரித்துக் காட்டும், இது தாய் தந்தது, இது தகப்பன் தந்தது என்று சொல்லாது. அதைத்தான் சொன்னேன்.

"பரவாயில்ல அண்ணன். ரெண்டு பேரும் இருக்காங்கதானே."

வளர்ப்பு வாப்பா உடுத்திருந்த சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குளிசையை ஒழுங்காகப் போடுகிறாளாம், கை நடுங்கவில்லையாம். போன பெருநாளுக்கு அந்தக் குலுக்கும் இயந்திரத்துக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். தையல் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிறது. இப்போதும் குழாயில் வெள்ளையாக ஓர் இழை எழும்பும்போது என் அவசரமெல்லாம் நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் "வந்திட்டுது" என்று பக்கத்து மேசைக்குக் குரல் கொடுப்பேன். இப்போது சத்தம் போடுவதில்லை. வாங்கோ, ரெண்டு பேரும் வாங்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு குச்சியை மெதுவாக இறக்குகிறேன்.