முப்பதில் ஒரு கிளாஸ்

பிரிசில்லா எங்கள் ஊராட்சியில் தூய்மைக் காவலர். பெயர் என்னவோ கம்பீரமாகத்தான் இருக்கிறது. வேலை, நாம் வீசியதை எல்லாம் பொறுக்குவது. அச்சரப்பாக்கத்திலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஊர். காலையில் பேட்டரி வண்டியை ஓட்டிக்கொண்டு, விசில் ஊதிக்கொண்டு வருவாள். சோற்றையும் ஷாம்பு பாக்கெட்டையும் ஒரே பையில் கட்டிக் கொடுத்தால், வாசலிலேயே கொட்டி, பிரித்துக் கொடுக்கச் சொல்வாள். என் மனைவி சுஜாதாவே இரண்டு முறை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

பிரிசில்லாவுக்குச் சொந்த ஊர் மாமல்லபுரத்துக்குப் பக்கம். அங்கே கடற்கரை ஓட்டல் ஒன்றில் ஆறு வருடம் பாத்திரம் கழுவினாள். எங்கள் ஊர் காலனியைச் சேர்ந்த ஆல்வினைக் கட்டிக்கொண்டு அவள் இங்கே வந்தபோது, டீக்கடையில் பேப்பர் கப் வந்து பல வருடம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய கதை அவளுக்குத் தெரியாது. தெரிந்த நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லிப் பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது?

அந்தக் கப்புகளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. பெயர்தான் பேப்பர், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. மக்கவும் மக்காது, காயலான் கடைக்காரரும் எடுக்கமாட்டார். போன மழைக்கு ஏரி வாய்க்காலில், ரோட்டுக்கு அடியில் போகும் குழாயை அடைத்துக்கொண்டது அவைதான். தண்ணீர் எதிர்த்துக்கொண்டு, ஊரில் பெரிய விவசாயியான சதாசிவத்தின் நெல் வயலுக்குள் பாய்ந்துவிட்டது. பிரிசில்லா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நாலு மூட்டை கப் எடுத்தாள். அதில் ஒரு மூட்டையைக் கிராம சபைக் கூட்டத்தில் எங்கள் எல்லோர் முன்னாலும் கொட்டினாள். திங்கட்கிழமை முதல் டீக்கடையில் பேப்பர் கப் கிடையாது, கண்ணாடி கிளாஸ்தான், வேண்டாம் என்பவர்கள் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவரலாம் என்று தீர்மானம் ஆனது. முதலில் கை தூக்கியவர் சதாசிவம். நானும் தூக்கினேன்.

சந்தோஷமாக வீட்டுக்குப் போனவளை ஆல்வின் பிடித்துக்கொண்டான். இதைப் பிற்பாடு என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தபோது அவளே சொன்னாள்.

"இன்னா பண்ணி வச்சிக்கீற நீ? எங்க நைனா இந்த ஊர்ல எப்படி டீ குடிச்சாருன்னு தெரியுமா உனுக்கு?"

"எப்படி?"

"கடைக்குப் பின்னால, கூரை இடுக்குல நமக்குன்னு தனி கிளாஸு சொருவி இருக்கும். நாமளே எடுக்கணும், நின்னுகினு குடிக்கணும், நாமளே கழுவி அங்கயே சொருவணும். பேப்பர் கப்பு வந்தப்புறம்தான் அந்த எழவு ஒழிஞ்சுது. குடிச்சியா, கசக்கிப் போட்டியான்னு பெஞ்சுல குந்திகினு கீறோம். நீ போய் திரும்ப கிளாஸக் கொண்டாற."

மாமனார் முத்துசாமியை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். ஓட்டலில் அவள் ஆயிரக்கணக்கான கிளாஸ் கழுவியிருக்கிறாள்; எது யார் வாய் வைத்தது என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. கிளாஸ் என்றால் கிளாஸ் என்றுதான் நினைத்திருந்தாள்.

"மொத டீ நான்தான் குடிப்பேன்," என்றாள். "எனக்குன்னு தனியா ஒண்ணு வச்சாங்கன்னா, அன்னிக்கே வேலைய எழுதிக் குடுத்துட்டு, பேப்பர் கப்பு பண்டல நானே வாங்கியாந்து அந்தக் கடைல வைக்கிறேன். போதுமா?"



திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் பன்னீர்செல்வத்தின் டீக்கடை பெஞ்சில் இருந்தேன். பலகையில் முப்பது கிளாஸ், எல்லாம் புதுசு, எல்லாம் ஒரே மாதிரி. பிரிசில்லா வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தாள். கிளாஸ்களை ஒரு பார்வை பார்த்தாள். பன்னீர் டீ ஆற்றிக் கொடுத்தார். நின்றபடியே குடித்தாள், காலி கிளாஸைப் பலகையில் வைத்தாள். போகவில்லை.

நானும் குடித்துவிட்டு வைத்தேன். இன்னும் நாலைந்து பேர் வைத்தார்கள். பன்னீர் எங்கள் கிளாஸ்களை எடுத்து வெந்நீர் அண்டாவில் போட்டுக் கழுவிக் கவிழ்த்தார். அவளுடையது மட்டும் பலகை ஓரத்தில் அப்படியே இருந்தது. அதைத் தாண்டித் தாண்டி அவர் கை போய்வந்தது.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெஞ்சில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குக் கையில் பேப்பர் இருந்தது, அதைப் படிப்பது போல இருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து சதாசிவம் பைக்கில் வந்து இறங்கினார். பலகையைப் பார்த்தார், பிரிசில்லாவைப் பார்த்தார்.

"பன்னீரு, எனக்குக் கப்புல குடு."

பன்னீரின் கை கல்லாவுக்குக் கீழே போனது. அங்கே பழைய பாக்கெட் ஒன்று பாதி மிச்சம் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"கப்புலாம் கெடையாதுங்க," என்றாள் பிரிசில்லா. "நீங்கதான மொத கை தூக்குனீங்க?"

"அது வாய்க்காலுக்குத் தூக்குனேன்மா. அதுக்காக கண்டவங்க வாய் வச்சதுல குடிக்க முடியுமா? சுத்தம்னு ஒண்ணு கீதா இல்லயா?"

பன்னீர் பாவம், இரண்டு பக்கமும் பார்த்தார். சதாசிவத்தைப் பகைத்துக்கொண்டால் நெல் விவசாயிகள் பாதிப் பேர் வரமாட்டார்கள். பிரிசில்லாவைப் பகைத்துக்கொண்டால் ஊராட்சி. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தவர் போலச் சிரித்தார்.

"நீயே அந்த கிளாஸ கழுவி வச்சிடேன் பிரிசில்லா. ஓட்டல்ல கழுவுன கை, உனக்குப் பழக்கம்தானே?"

கெட்ட எண்ணத்தில் சொன்னாரா, பேச்சுவாக்கில் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அவள் கை பழக்கதோஷத்தில் கிளாஸை நோக்கிப் போனதைப் பார்த்தேன். பாதியில் நின்றது. எடுத்துக் கழுவினால் கூரை இடுக்கு திரும்பி வந்துவிடும். விட்டுவிட்டுப் போனால் பேப்பர் கப் திரும்பி வந்துவிடும். இரண்டுமே அவள் தலையில்தான் விடியும்.

"கழுவுறேன் அண்ணாத்த," என்றாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் போனாள். தன் கிளாஸை எடுத்து அண்டாவில் போட்டாள். பிறகு, கழுவிக் கவிழ்த்திருந்ததையும் போட்டாள். இன்னும் யாரும் தொடாமல் அடுக்கியிருந்ததையும் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். முப்பதும் தண்ணீருக்குள் முட்டிக்கொண்டன. "ஐயையோ, ஒடஞ்சிடப் போவுது!" என்று பன்னீர் கத்தினார். ஒன்றுகூட உடையவில்லை. ஆறு வருடக் கை. மளமளவென்று தேய்த்து, அலசி, வரிசையாகக் கவிழ்த்தாள்.

"இப்ப சொல்லுங்க, இதுல எது என் கிளாஸு?"

கிளாஸ்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு இன்னொரு டீ வேண்டியிருந்தது என்று சொன்னால் பொய். ஆனாலும் எழுந்து போய்க் கேட்டேன். பன்னீர் ஒரு கிளாஸை எடுத்தபோது, இதுவாக இருக்குமோ என்று ஒரு நொடி என் மனசு கணக்குப் போட்டது. அந்த ஒரு நொடியைப் பிரிசில்லா என் முகத்தில் பார்த்துவிட்டாள். குடித்தேன். சூடாக இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

சதாசிவம் டீ குடிக்காமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வீட்டில் ஆல்வின் அவளைத் திட்டியிருக்கிறான். "நீ இன்னாத்துக்குக் கழுவுன?" என்று. "ஒரு தபாதான். நாளையிலர்ந்து அவுருதான் கழுவணும். நீ வந்து பாரு," என்றாளாம். மறுநாள் காலை வந்தான். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ சொன்னான். குடித்துவிட்டுப் பலகையில் வைத்தான். கால் ஆடிக்கொண்டே இருந்தது. பன்னீர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு எங்கள் கிளாஸ்களோடு சேர்த்து எடுத்து அண்டாவில் போட்டார். ஆல்வின் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அப்போது சதாசிவம் வந்தார். வண்டிப் பெட்டியிலிருந்து, மஞ்சப்பையில் சுற்றியிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டினார். பன்னீர் அதில் டீ ஊற்றினார். பெஞ்சில் இடம் இருந்தது, அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே குடித்தார். குடித்து முடித்ததும் டம்ளரைக் கழுவக் கடைக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்குப் போனார். அவருடைய டம்ளரை அவரேதானே கழுவ வேண்டும்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஆல்வின் எழுந்து போய் எட்டிப் பார்த்தான்.

"எங்க நைனா நின்ன எடம்," என்றான்.